முழுக்கைச் சட்டை

திண்டிவனம்
12.09.2024

அருணுக்கு,

உன் அக்கா சகாயசெல்வி எழுதுகிறேன். நலம் விசாரிக்க இந்தக் கடிதம் இல்லை. அப்பாவை அடக்கம் செய்த அன்று உன் போன் நம்பரைத் தடுத்து வைத்தேன். இரண்டரை வருடமாக அது அப்படியேதான் இருக்கிறது, எடுத்துவிட எனக்கு மனமும் இல்லை. அதனால்தான் தபால். விழுப்புரத்தில் நீ இப்போது எந்த வீட்டில் குடியிருக்கிறாய் என்றுகூட எனக்குத் தெரியாது. வேலை செய்கிற இடத்துக்கே அனுப்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை உங்கள் அருங்காட்சியகத்துக்குக் கூட்டி வந்தோம். நாற்பத்திரண்டு பிள்ளைகள், நான், இசைவாணி டீச்சர். செவ்வாய் உனக்கு வார விடுமுறை என்று சித்தி மகன் அலெக்ஸிடம் விசாரித்துத்தான் அந்த நாளைக் குறித்தேன். ஒளிப்பானேன்?

முதல் கூடம் நன்றாகத்தான் இருந்தது. கழுவெளி ஏரியின் பூநாரைகள், திருவக்கரையிலிருந்து வந்த கல்மரத் துண்டு, பொத்தானை அழுத்தினால் ஊளையிடுகிற நரி. அந்த நரியைப் பிள்ளைகள் ஊளையிட வைத்து ஊளையிட வைத்து ஓய்த்துவிட்டார்கள். இந்த விலங்குகள் எல்லாம் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவை, செத்த பிறகு தோலை உரித்துப் பாடம் செய்து வைத்திருக்கிறோம் என்று உங்கள் ஆள் விளக்கினார். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

கடைசிக் கூடத்துக்கு 'வயல்வெளி' என்று பெயர் போட்டிருந்தது. இடப்பக்கம் நரி. வலப்பக்கம் கூகை. நடுவில், வரப்பு மாதிரி செய்த களிமண் மேட்டில், கோவணத்தோடு குந்தி எலி வளையைத் தோண்டிக்கொண்டு நம் அப்பா.

அப்பாவைப் போல ஒருவர் இல்லை. அப்பா. அந்த இடது புருவ வெட்டு, முன்பல் இரண்டுக்கு நடுவில் உள்ள சந்து, எல்லாம். முன்னால் பலகை: "வயலெலி பிடிப்பவர். இவ்வட்டாரத்தில் எலிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதில் நரி, கூகை, சாரைப்பாம்பு ஆகியவற்றோடு இவர்களுக்கும் பங்குண்டு."

வெனிலா என்று ஒரு பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், இவரு பொம்மையா, இல்ல இவரயும் செத்தப்புறம் பாடம் பண்ணி வெச்சிக்கிறாங்களா?" என்று கேட்டாள். எனக்கு வாயே வரவில்லை.

அந்த முகம் அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. உன்னைத் தவிர யாரிடம் அந்தப் போட்டோ இருக்கிறது? இந்த மாதக் கடைசிக்குள் அந்த உருவத்தை அங்கிருந்து எடுக்க வை. எப்படி எடுப்பாயோ எனக்குத் தெரியாது.

சகாயசெல்வி

*

விழுப்புரம்
19.09.2024

அக்காவுக்கு அருண் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. இரண்டரை வருடம் கழித்து என் ஞாபகம் வந்ததே, சந்தோஷம். அதுவும் அப்பா புண்ணியத்தில்.

அடக்கத்தன்று நான் சொன்னது ஒரே வார்த்தை. விடியற்காலை ஆறு மணிக்குப் போன உயிர். நீ சாயங்காலம் நாலு மணிக்கு வந்து இறங்கினாய். திண்டிவனத்திலிருந்து நம் ஊர் பனமலை என்ன அமெரிக்காவா? அந்த ஆத்திரத்தில், "டீச்சர் வந்துட்டாங்க, நாற்காலி போடுங்கடா" என்றேன். சொன்னது தப்புதான். ஆனால் அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்தாயே அக்கா. அப்பா தரையில் கிடக்க, நீ நாற்காலியில் உட்கார்ந்தாய்.

போட்டோ கொடுத்தது நான்தான். இயக்குநர் கோகுலகிருஷ்ணன் சார் ஒரு நாள் கூப்பிட்டு, "வயல்வெளி கூடத்துல மனுஷன் இல்லாம எப்பிடிப்பா? ஒங்க ஊர் பக்கம் நல்ல முகமா ஒண்ணு இருந்தா சொல்லு" என்றார். எனக்கு அப்பா முகத்தை விட நல்ல முகம் தெரியாது. கொடுத்தேன்.

நீ கோபப்படுவதற்கு முன்னால் ஒன்றை யோசி. ஊர்க் கல்லறையில் அப்பா எங்கே இருக்கிறார்? சுவருக்கு முன்பக்கம் அவர்கள், பின்பக்கம் நாம். செத்த பிறகும் சுவர். கருவேல முள்ளுக்கு நடுவில் ஒரு மண்மேடு, கறையான் தின்ற மரச்சிலுவை. யார் போய்ப் பார்க்கிறார்கள்? நீ போனாயா? இங்கே ஞாயிற்றுக்கிழமை ஐந்நூறு பேர் வருகிறார்கள். அப்பா முன்னால் நின்று பார்க்கிறார்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் அந்தக் கண்ணாடியை நான்தான் துடைக்கிறேன். உயிரோடு இருந்தபோதுகூட அவர் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை.

பலகையில் இருப்பதை நான் எழுதவில்லை. திருகாணி போட்டது மட்டும் நான். எடுக்கச் சொல்ல எனக்கு அதிகாரமும் கிடையாது. நான் இங்கே ஒப்பந்த ஆள், பெருக்கித் துடைக்கிறவன்.

அருண்

*

திண்டிவனம்
27.09.2024

அருணுக்கு,

நரிக்கும் கூகைக்கும் நடுவில் குந்த வைத்ததைப் பெருமை என்கிறாய். சரி. எலி பிடித்தது வருடத்தில் இருபது நாள், அறுப்பு முடிந்த பிறகு. மீதி நாளெல்லாம் அவர் நாற்று நட்டார், ஏற்றம் இறைத்தார், மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கினார், கிணறு வெட்டினார். அதற்கெல்லாம் பலகை எங்கே?

அதுகூடப் போகட்டும். சட்டை எங்கே?

அப்பாவை நீ சட்டையில்லாமல் எப்போது பார்த்திருக்கிறாய், சொல். நான் அவர் பெற்ற மகள், நாற்பத்தோரு வயது, ஒரு நாளும் பார்த்ததில்லை. சேற்றில் இறங்கினாலும் முழுக்கைச் சட்டை. கழுத்துப் பொத்தான் வரை போட்டு, கையை மடித்துவிடாமல் மணிக்கட்டிலும் பொத்தான் போட்டிருப்பார். சித்திரை வெயிலில் மற்றவர்கள் வெற்றுடம்போடு கிடக்க, அவர் சட்டையோடு படுத்திருப்பார். "இன்னாத்துக்குப்பா இந்த வேக்காடு?" என்று கேட்டால் சிரிப்பார்.

ஏன் என்று உனக்கும் தெரியும். அவர்களுடைய தெருவுக்குள் போகும்போது தாத்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போனவர். அப்பா பத்தொன்பது வயதில் திண்டிவனத்தில் ஒரு வெள்ளை முழுக்கைச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு அதே தெரு வழியாக வந்தார். அடித்தார்கள், சட்டையைக் கிழித்தார்கள். மறுநாள் கிழிந்ததைத் தைத்துப் போட்டுக்கொண்டு அதே தெருவில் நடந்தார். அதற்குப் பிறகு சாகும் வரை கழற்றவில்லை. அந்த மனுஷனைத்தான் கோவணத்தோடு கண்ணாடிக்குள் வைத்து, தினமும் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறாய். அவர்கள் ஒரு நாள் கிழித்தார்கள். நீ நிரந்தரமாகவே கழற்றிவிட்டாய்.

நீ கொடுத்த போட்டோ கிறிஸ்துமஸுக்கு எடுத்தது. அதிலும் சட்டை இருக்கிறது. பிறகு அந்த உடம்பை எதைப் பார்த்துச் செய்தார்கள்? அவர் பிணத்தைக் குளிப்பாட்டியவன் நீ. நீ பார்த்ததை வாயால் சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்தாயா?

அவர் கடைசியாகப் போட்ட சட்டை என் பீரோவில் இருக்கிறது. நீ காலில் விழுந்து கேட்டாலும் தர மாட்டேன்.

சகாயசெல்வி

*

விழுப்புரம்
05.10.2024

அக்காவுக்கு,

சட்டையை நீயே வைத்துக்கொள்.

அந்த உடம்பு அப்பாவுடையது இல்லை. என்னுடையது.

சிற்பி மணிமாறன் புதுச்சேரியிலிருந்து வந்தார். முகத்துக்குப் போட்டோ போதும், உடம்புக்கு அளவெடுக்க ஆள் வேண்டும் என்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "மகன்தானே நீ? நீயே நில்லுப்பா. ஒடம்பு வாகு ஒத்து வரும்" என்றார். நாலு நாள் பின்பக்கக் கொட்டகையில் சட்டையைக் கழற்றிப் போட்டு, அப்படியே குந்திக்கொண்டிருந்தேன். மேலெல்லாம் ஈரச் சுண்ணாம்புத் துணியைச் சுற்றினார்கள். காய்கிற வரை அசையக்கூடாது. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் ஓட்டக்கூடாது.

சட்டை கடைசியில் வரும் என்று நினைத்தேன் அக்கா. சிரிக்காதே. நம் ஊர் மாதா சொரூபத்துக்குத் தேருக்கு முந்தின நாள் சாயங்காலம்தானே புடவை சாத்துவோம்? அதற்கு முன்னால் சொரூபம் மொட்டையாகத்தானே நிற்கும்? அப்படித்தான் இதுவும் என்று நினைத்தேன். திறப்பு விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம்கூட மணிமாறனிடம், "சட்ட எப்ப சார் போடுவீங்க?" என்று கேட்டேன். அவர் நான் ஏதோ தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துத் தோளில் தட்டிவிட்டுப் போனார். காலையில் ரிப்பன் வெட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு என்ன வாயைத் திறப்பது? வேலையை நிரந்தரம் செய்வதாக வேறு சொல்லியிருந்தார்கள்.

நம்பவில்லையென்றால் வந்து பார். இடது தோளைப் பார். அங்கே இருப்பது யார் தழும்பு என்று உனக்குத் தெரியும்.

இன்னொன்று. இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். 'எனக்கு வாயே வரவில்லை' என்று எழுதியிருந்தாய். வந்தது அக்கா.

செவ்வாய் எனக்கு விடுமுறைதான். ஆனால் முந்தின நாள் பதிவேட்டில் உன் பள்ளிக்கூடத்தின் பெயரைப் பார்த்தேன். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்கு ஒரு பை நிறைய மல்லாட்டை உருண்டை வாங்கிக்கொண்டு வந்தேன். கடைசிக் கூடத்தில், கூகைக்குப் பக்கத்தில் ஒரு கதவு உண்டு, நாங்கள் துடைப்பம் வைக்கிற இடம். அங்கே நின்றேன். நீ அப்பாவைப் பார்த்ததும் என்னைத் தேடுவாய், வெளியே வரலாம் என்று. அந்தப் பெண் கேட்டதும் நீ சொன்னது என் காதில் விழுந்தது. "தெரியலடி. யாரோ எலி புடிக்கிறவரு. கூட்டம் போடாம நட."

இயேசுவைத் தெரியாது என்று இராயப்பர்கூட மூன்று முறை மறுதலித்தார். நீ ஒரே முறையில் முடித்துவிட்டாய்.

நான் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டேன்.

அருண்

*

திண்டிவனம்
22.10.2024

அருணுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, இன்றுதான் பேனா ஓடுகிறது.

ஆமாம், சொன்னேன்.

இசைவாணி டீச்சர் என் பக்கத்தில் நின்றிருந்தாள். பதினோரு வருடம் ஒரே ஓய்வறை. அவள் டப்பாவில் நான் பொரியல் எடுப்பேன், என் டப்பாவில் அவள் குழம்பு ஊற்றிக்கொள்வாள். ஊரில் எந்தத் தெரு என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காத வரை நான் சொன்னதும் இல்லை. அவளாக ஏதோ நினைத்துக்கொண்டாள், நான் விட்டுவிட்டேன். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது, "இவங்கள்லாம் இன்னும் இப்பிடியேதான் இருக்காங்களா டீச்சர்?" என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இருப்பாங்க போல" என்றேன். இது உன் காதில் விழவில்லை. நானே சொல்கிறேன், இதையும் கணக்கில் வைத்துக்கொள்.

இன்னும் கேள். மறுநாள் பிள்ளைகளை அருங்காட்சியகத்தில் பார்த்த உயிரினங்களை வரிசையாக எழுதச் சொன்னேன். வெனிலா எழுதியிருந்தாள்: நரி, கீரி, உடும்பு, பூநாரை, கூகை, எலி பிடிக்கும் ஆள். நான் சிவப்புப் பேனாவால் ஆறுக்கும் சரி போட்டேன். பத்துக்குப் பத்து. நோட்டை மூடிய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அந்த உறுத்தலோடுதான் உனக்கு முதல் கடிதம் எழுதினேன். உன் மேல் ஏற்றிவிட்டால் எனக்குக் குறையும் என்று நினைத்தேன் போல.

ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்தேன். நீ வாசலில் வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தாய். முக்காடு போட்டுக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்துவிட்டேன். தோளைப் பார்த்தேன். எனக்கு ஒன்பது வயது, உனக்கு ஆறு. சோறு வடிக்கும்போது பானை நழுவி, கொதிக்கிற கஞ்சி உன் தோளில் கொட்டியதே, அந்தத் தழும்பு. அதைக்கூட விடாமல் செய்து வைத்திருக்கிறான் பாவி. அப்பா முகத்துக்குக் கீழே நான் செய்த காயம். அழுகை வந்தது. பக்கத்தில் ஒரு குடும்பம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஆனால் அருண், இதனால் உன் தப்பு சின்னதாகிவிடாது. மாதாவுக்குப் புடவை சாத்துகிறவர்கள் நம் ஆட்கள். இவர்கள் ஏன் சாத்தப் போகிறார்கள்? முப்பத்தெட்டு வயதில் இதுகூடத் தெரியாதா? ரிப்பன் வெட்டியதும் வாயை மூடிக்கொண்டாய். வேலை நிரந்தரம் ஆகிவிட்டதா?

சகாயசெல்வி

*

விழுப்புரம்
16.11.2024

அக்காவுக்கு,

ஆகவில்லை. அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா மேட்டில் நான் போவதற்கு முன்னாலேயே ஒரு மெழுகுவர்த்தி எரிந்து முடிந்திருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வந்ததும் இயக்குநர் அறைக்குப் போனேன். அந்த ஆள் என் அப்பா, பெயர் சவுரிராயன், பலகையில் பெயரைப் போடுங்கள், உடம்பில் ஒரு சட்டையைப் போடுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னார், டீ கூட வரவழைத்தார். "பேர் போட்டா அது ஒரு தனி ஆளாயிடும்ப்பா. இது ஒரு மாதிரி உருவம். இந்த நரிக்குப் பேர் இருக்கா சொல்லு?" என்றார். டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

பதினான்காம் தேதி குழந்தைகள் தினம். ஊரிலுள்ள பள்ளிக்கூடமெல்லாம் வரும். காலையில் கண்ணாடி துடைக்கிற சாக்கில் கதவைத் திறந்து, என் சீருடைச் சட்டையைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டேன். நீல நிறம், அரைக்கைதான். அளவு கச்சிதமாக இருந்தது. இருக்காதா பின்னே? நான் பனியனோடு அன்றைக்கு வாசலில் நின்றேன். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தன. ஒரு பிள்ளைகூட ஏன் சட்டை போட்டிருக்கிறார் என்று கேட்கவில்லை அக்கா.

பதினொன்றரைக்கு இயக்குநர் வந்தார். வேறு யாரையும் தொடவிடவில்லை. "நீதானே போட்ட? நீயே கழட்டு" என்றார். வரிசையில் நூறு பிள்ளைகள் நின்றார்கள். நான் அப்பாவின் கையைத் தூக்க முடியாமல், பொத்தானைக் கழற்றி, முதுகுப் பக்கமாக உருவி எடுத்தேன். நான் அவர் சட்டையைக் கழற்றியது இது இரண்டாவது முறை. முதல் முறை, அந்தக் கொட்டகையில், எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் அப்படிச் சொல்ல முடியாது.

காட்சிப் பொருளைச் சேதப்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், வேறு வேலை இல்லை. கண்ணாடிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இப்போது வேறு ஒருவர் துடைக்கிறார். சரியாகத் துடைப்பதில்லை, முகத்துக்கு நேராகக் கைரேகை அப்படியே இருக்கிறது.

நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். சந்தோஷமாக இரு.

அருண்

*

திண்டிவனம்
28.11.2024

தம்பி அருணுக்கு,

மெழுகுவர்த்தி வைத்தது நான். காலை முதல் பஸ்ஸுக்கே போய்விட்டேன், உன்னைப் பார்க்கக் கூடாது என்று.

உன் கடிதத்தைப் படித்த மறுநாள் வெனிலாவின் நோட்டைத் திருப்பிக் கேட்டு வாங்கினேன். ஆறாவது வரியை அடித்து, மேலே 'சவுரிராயன்' என்று எழுதினேன். "யாரு டீச்சர் இது?" என்றாள். "நீ கேட்டியே, பொம்மையான்னு. அவரு எங்கப்பா" என்றேன். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "அப்ப உங்க வூட்ல எலி துன்னுவீங்களா டீச்சர்?" என்றான். தின்றிருக்கிறோம், மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது எங்கள் வயிற்றை அதுதான் காப்பாற்றியது என்றேன். ஒரு பிள்ளை முகத்தைச் சுளித்தது. வெனிலா, "எப்பிடி இருக்கும் டீச்சர்?" என்று கேட்டாள்.

மத்தியானத்துக்குள் செய்தி ஓய்வறைக்குப் போய்விட்டது. இசைவாணி டீச்சர் ஒரு வார்த்தைகூடத் தப்பாகப் பேசவில்லை. டப்பாவைத் திறந்தாள், தனக்குத் தலைவலி என்று சொல்லி மூடினாள். இன்றோடு எட்டு நாள், அவளுக்குத் தலைவலி தீரவில்லை. பதினோரு வருடக் குழம்பு. நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். நல்ல பசி எடுக்கிறது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நாற்காலி போடச் சொன்னதையும் மறக்கவில்லை, அதில் நான் உட்கார்ந்ததையும் மறக்கவில்லை. உன் நம்பரும் அப்படியேதான் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வர வேண்டாம்.

இதோடு ஒரு பொட்டலம் வரும். அப்பாவின் சட்டை. துவைத்துத் தேய்த்திருக்கிறேன். மார்புப் பக்கம் மல்லாட்டைச் செடிக் கறை ஒன்று இருந்தது, அது மட்டும் போகவில்லை.

இதைப் பொம்மைக்குப் போடப் பார்க்காதே. சாவி கிடைத்தாலும் போடாதே. அப்பா சட்டையில்லாமல் ஒரு நாளும் நின்றதில்லை, அங்கேயும் நிற்கவில்லை. அந்தக் கண்ணாடிக்குள் வெற்றுடம்போடு குந்திக்கொண்டிருப்பது நீ. என் கண்ணால் தழும்பைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதனால் இது உனக்கு. திங்கட்கிழமை வேலைக்கு இதைப் போட்டுக்கொண்டு போ. சீருடை எங்கே என்று கேட்டால் கேட்கட்டும். கை உனக்குச் சற்று நீளமாக இருக்கும். மடித்துவிடாதே. மணிக்கட்டில் பொத்தான் போட்டுக்கொள்.

அக்கா